நூல் இல்லாத முடிச்சு

தன் உயிருக்குத் தீங்கு செய்துகொள்வான் என்று ஐயப்படும் கைதியை மருத்துவர் ஒரு நாளைக்குள் பார்க்க வேண்டும். அதுவரை அவனுக்கு நடந்துவரும் சிகிச்சை எதையும் நிறுத்தக்கூடாது. விதி இதுதான். சிறை அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை இதைப் பலமுறை நகலெடுத்திருக்கிறேன். அப்படி நடந்ததை ஒருமுறையும் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகும் வாரம் இருமுறை ஆரணியிலிருந்து பேருந்து ஏறி அதே சிறைக்குப் போனேன், தியான வகுப்புக்கு வருகைப் பதிவேடு எழுத. அங்கே எங்கள் தெருவின் பட்டு நெசவாளி ஒருவன் அடிதடி வழக்கில் விசாரணைக் கைதி. தூக்கம் வராமல் சுவரில் தலையை மோதிக்கொள்வான். மருத்துவர்தான் வகுப்புக்கு அனுப்பினார். மூச்சைக் கவனிக்கப் பழகிய சில வாரங்களில் மோதுவது நின்றது, தூங்கினான்.

கண்ணை மூடினால் மட்டும் அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ முறுக்கும். தறியில் பாவு நூல் அறுந்தால் போடும் முடிச்சு அது.

"எண்ணம் வந்தா வுட்டுடச் சொல்றாங்க. நீ இன்னாடா முடி போட்டுகினு கீற?" என்று கேட்டேன்.

"அறுந்தத அப்டியே வுட்டா பொடவ இன்னாத்துக்கு ஆவும் சார்?"

தென்கோடியிலிருந்து மாற்றலாகி வந்த காவலர் தறியைக் கண்டதில்லை. "சார், இவன் சுருக்குப் போட்டுப் பழகுதான்" என்றார்.

"அது நெசவுங்க."

"நெசவுன்னா நூலு எங்க சார்?"

கண்காணிப்புப் படிவத்தில் 'வழக்கத்துக்கு மாறான அசைவுகள்' என்ற கட்டத்தில் அதை எழுதினார். பணியில் இருந்தபோது அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பியவன் நான்தான். பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

அவனுக்கு வகுப்பை நிறுத்தினார்கள். போர்வையைப் பிடுங்கிக்கொண்டு தனி அறையில் போட்டார்கள். மருத்துவர் விடுப்பில் இருந்தார். விதியை மேற்கோள் காட்டி மனு கொடுத்தேன். அது நெசவு முடிச்சுதான் என்று நெசவாளர் சங்கத்தின் சான்று கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். சான்றொப்பம் இல்லை என்று திருப்பினார்கள்.

அதற்குள் அவன் மறுபடியும் மோதத் தொடங்கியிருந்தான். வலக்கண் போனது. இடக்கண்ணுக்கு இழை தெரியவில்லை. பிறகு ஜாமீன் தாமதமில்லாமல் கிடைத்தது.

அதற்கும் பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். "இன்னா சார் போட்டுகீது?" என்றாள் அவன் மனைவி.

'மனுதாரர் கோரியவாறு, கைதி தியான வகுப்பில் தொடர அனுமதிக்கப்படுகிறார்.'

அவன் தறியை விலைக்கு வாங்கியவர்கள் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று ஆடிப் பதினெட்டு.