மாரிமுத்துவுக்குப் போட்ட படையல்

ஞாயிற்றுக்கிழமை காலை. புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டெதிரே புல்வெட்டும் இயந்திரம் ஓடியது. ஈரப்புல் வாசனை வந்ததும், நியாலாஸ் ரப்பர் தோட்டத்து அப்பா தலையில் புல்கட்டோடு நினைவில் வந்து நின்றார்.

பால்மரம் சீவி முடித்ததும் மாட்டுக்குப் புல்லறுக்கப் போவார். பேர்ப்பதிவு எடுக்கும் தோட்டத்துக் கிராணி "மாரிமுத்து!" என்று கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். பின்னால் வரும் யாருக்கோ வழிவிடுவதுபோல் சற்று ஒதுங்குவார். மாரிமுத்து, மூன்று வயதில் செத்துப்போன அவருடைய அண்ணன். அப்பா பிறந்தபோது தாத்தா பதியப் போகவில்லை. செத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையே இவருக்கும் வைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முதல்நாள் அண்ணனுக்குப் படையல் போட்டு, "மாரிமுத்து, வந்து சாப்பிடுய்யா" என்று அப்பாவே கூப்பிடுவார். எனக்கு முதுகு சில்லிடும்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தாண்டா வருவாங்க" என்பார்.

"அப்பா, ஸ்கூலுக்கு ஃபேமிலி ட்ரீ வரையணும் லா. மாரிமுத்துங்கிறது தாத்தாவோட அண்ணன் பேருன்னு சொன்னீங்களே, தாத்தாவோட சொந்தப் பேரு என்ன?" என் மகள் பென்சிலோடு நின்றாள்.

என் அம்மா அப்பாவை "ஏங்க" என்பார். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அவர் மாட்டுக்காரர். அவருடைய சொந்தப் பேரை நான் கேட்டதே இல்லை.

அப்பா இறந்துபோன பிறகு, வருடா வருடம் அவருக்குப் படையல் போட்டு "மாரிமுத்து" என்றுதான் கூப்பிடுகிறேன். இத்தனை நாளும் வந்து சாப்பிட்டது யார்?