ஆமோஸ் கட்ஃபோர்த்தின் முப்பதாவது பயணம்

ஆமோஸ் கட்ஃபோர்த் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அறுத்து முள்ளெடுக்கும் வேலையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில், முப்பத்து மூன்று வயதில் எங்கள் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு வால்பகுதித் துப்பாக்கிக்காரராக வந்தார். ஏழு பேரில் அவரே மூத்தவர் என்பதால் ‘பெருசு’ என்று கூப்பிட்டோம். விமானி டென்ஹாமுக்கு இருபத்திரண்டு; தலைவர் என்பதால் அவரை ‘ஸ்கிப்பர்’ என்போம். நான் வயர்லெஸ் பார்த்தேன்.

முப்பது முறை குண்டு போட்டுத் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது. ஆறு மாதம் பறக்க வேண்டாம். 1944 வசந்தத்தில் மற்ற ஆறு பேரும் முப்பதை முடித்தோம். ஆமோஸுக்கு இருபத்தொன்பது. பிப்ரவரியில் காதில் சீழ் வைத்து ஒன்றைத் தவறவிட்டிருந்தார். மிச்சத்தை முன்பின் தெரியாத குழுவோடு போய் முடிக்க வேண்டும். அப்படிப் போய்த் திரும்பாத பலரை எங்களுக்குத் தெரியும்.

“பெருச தனியா அனுப்ப முடியாது. எல்லாரும் இன்னொரு தடவ போறோம்,” என்றார் டென்ஹாம்.

குண்டு வீசும் லிஸ்டருக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். “போலாம் ஸ்கிப்பர். ஆனா பெட்ரோல் ரொப்புறதப் பாத்துட்டுப் பேர் குடுப்போம்.”

எந்த ஊருக்கு என்று மாலைவரை சொல்லமாட்டார்கள். ஆனால் பெட்ரோல் குறைவாக ஏற்றினால் பிரான்ஸ், தொட்டி நிரம்பினால் ஜெர்மனி. ஒரு வாரம் விடுப்பில் போய்த் திரும்பி, பெட்ரோல் குறைந்த நாளாகப் பார்த்துப் பெயர் கொடுத்தோம். பிரான்சில் ஒரு ரயில் நிலையத்தின் மேல் குண்டு போட்டுவிட்டு ஒரு கீறல் இல்லாமல் வந்தோம்.

காலையில் அலுவலக அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். “கட்ஃபோர்த், இருபத்தொன்பதும் மூணுல ஒண்ணும்.”

“என்ன சார் இது?”

“நீங்க லீவுல இருந்தப்ப வந்த உத்தரவு. பிரான்ஸ்ல ஆபத்து கம்மியாம். மூணு போனாத்தான் ஒண்ணு.”

டென்ஹாம் முகம் சிவந்தது. “அங்க செத்தா மூணுல ஒரு பங்குதான் சாவோமா?”

“உத்தரவு நான் போடலப்பா.”

“விடுங்க ஸ்கிப்பர்,” என்றார் ஆமோஸ். “பாக்கி ரெண்டு பங்குதானே? முழு ஆளாப் போவானேன்? ஒரு கால இங்க விட்டுட்டுப் போறேன்.”

“இன்னொரு தடவ போவோம்,” என்றார் டென்ஹாம். லிஸ்டர் தரையைப் பார்த்தான். ஆமோஸ் அதைக் கவனித்தார்.

மறுநாள் பெட்ரோல் வண்டிகள் நெடுநேரம் நின்றன. இன்று வேண்டாம் என்று நாங்கள் சாப்பிடப் போனோம். நிரம்பிய தொட்டியைப் பார்த்துத்தான் ஆமோஸ் எங்களிடம் சொல்லாமல் வேறொரு குழுவோடு போகப் பெயர் கொடுத்திருந்தார். ஜெர்மனி என்றால் முழுசாக ஒன்று.

இரவில் விஷயம் தெரிந்து, விடிகாலையில் ஆறு பேரும் ஓடுபாதை ஓரம் நின்றோம். அந்த விமானம் நாற்பது நிமிடம் தாமதமாக, மூன்று எஞ்சினில் வந்தது. ஆமோஸ் சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றி, துரத்திய போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருந்தார். வலது கை விரல்கள் குளிரில் கறுத்திருந்தன.

“ஏன் பெருசு சொல்லாமப் போன?” என்றான் லிஸ்டர்.

“சொன்னா நீயும் வருவே. மூக்கு ஒடஞ்ச மாப்ள போட்டோவுக்கு ஆவாதுடா.”

லிஸ்டரின் கல்யாணத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. போருக்குப் பின் கத்தி பிடிக்க முடியாமல், மீன் ஏலத்தில் எடை பார்த்தார்.

டென்ஹாம் அதிகாரி என்பதால் அவருக்குச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. சார்ஜென்ட் ஆமோஸுக்கு வெள்ளிப் பதக்கம் தபாலில் வந்தது. உடன் வந்த பாராட்டுத் தாளில் அந்த ஓர் இரவு மட்டுமே இருந்தது; எங்களோடு பறந்த இரவுகள் இல்லை. அன்று கூடப் பறந்தவர்கள் யார் என்று கேட்டால், அந்த விமானியின் பெயர் மட்டும் பாதி நினைவிருப்பதாகச் சொல்வார்.