வறுவலை விட்டுக்கொடுத்தவர்

கல்யாணமாகி நான் காரைக்குடிக்கு வந்தபோது என் கணவருக்கு ஒரு சின்னக் காப்பிப்பொடிக் கடை இருந்தது. முன்பக்கம் அரைக்கிற மிஷின், பின்பக்கம் கொட்டை வறுக்கும் இரும்பு உருளை. அரைப்பதற்கு ஓர் ஆள் இருந்தார். எங்களைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அரியக்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். உருளையின் பக்கம் அவரைக்கூட என் கணவர் அண்டவிட மாட்டார். வறுப்பது, பதம் பார்ப்பது, சிக்கரி கலப்பது, பொட்டலம் மடிப்பது எல்லாம் இவரேதான். மதுரைக்குக் கொட்டை வாங்கப் போனால் கடை பூட்டியிருக்கும். தங்கை கல்யாணத்தன்று காலையில்கூட ஒரு ஈடு வறுத்து இறக்கிவிட்டுத்தான் பட்டு வேட்டி கட்டினார்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். மறுபடி கடை திறந்த சில நாளிலேயே, வழக்கமாக வாங்கும் வாத்தியார் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கரிஞ்ச வாடை வருதுங்க. உடம்பு இன்னும் தேறலையோ?"

கொட்டை சரியில்லை என்று சமாளித்தார் என் கணவர். நானும் நம்பினேன். ஒரு நாள் வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இங்கேயேதான் இருக்கீக. பால் தீயுறது தெரியலையா?"

பேப்பரை மடித்து வைத்தார். "காய்ச்சலுக்கப்புறம் எந்த வாடையும் தெரியலை. கலரைப் பாத்துத்தான் வறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். இத்தனை நாளும் என்னிடம்கூடச் சொல்லாமல் தனியாகத் தவித்திருக்கிறாரே என்று எனக்கு மனசு கனத்துப்போயிற்று.

வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். கடையை மூடிவிடலாம் என்றார் இவர்.

"அண்ணனை வறுக்கச் சொல்லுங்க. கடை முன்னால வியாபாரத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"அவருக்கு அது வராது."

"உங்களுக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?"

அரை மனதோடு ஒத்துக்கொண்டார். ஆனால் அண்ணன் உருளையைச் சுற்றும்போதெல்லாம் இவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். முதல் இரண்டு ஈடும் கருகின. அண்ணன் என்னிடம் வந்து, "முதலாளி பக்கத்துல நின்னா எனக்குப் பதம் பிடிபடலைம்மா. நான் அரைக்கவே போயிர்றேன்" என்றார்.

அன்றைக்கு என் கணவரைக் கட்டாயப்படுத்தி வெளியே அனுப்பினேன். கானாடுகாத்தானில் கல்யாண வீடுகளில் ஆர்டர் கேட்டு வாருங்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அன்று அண்ணன் வறுத்த ஈடு கருகாமல் இறங்கியது. இவர் வெறுங்கையோடு திரும்பினார். ஆனாலும் மறுபடி போனார். அப்படிப் போய்ப் பேசப் பேசத்தான், அவருக்கு ஆட்களோடு பழகும் சாமர்த்தியம் இருந்தது எங்களுக்கே தெரிந்தது. சமையல்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தேவகோட்டை ஓட்டல்கள் வாடிக்கையாயின. இரண்டாவது உருளை வாங்கினோம். பொட்டலம் மடிக்கப் பெண்கள் வந்தார்கள். வருஷம் போகப் போக வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குத் திரும்பியது. அதற்குப் பிறகும் உருளையை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் மதுரை வியாபாரி ஒருவர் கடையை விலைக்குக் கேட்டு வந்தார். இவர் ஊரில் இல்லை. அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு பெரிய தொகையைக் குறிப்பிட்டு, "முதலாளி இல்லாமலே இப்படி நடக்குதே, அதுக்குத்தான் இந்த விலை" என்று சொல்லிப் போனார். அதை இவரிடம் சொல்லத் தயங்கினேன். கேட்டதும் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"விக்க வேண்டாம். அண்ணனைப் பங்குக்குச் சேத்துக்குவோம்" என்றார்.

வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போன அண்ணன், மறுநாள் மனைவியையும் கூட்டி வந்தார். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையாச்சும் இவுகளை வீட்டுக்கு விடுவீகளா?"

"அதை இனி அவரே முடிவு பண்ணட்டும்மா" என்றார் என் கணவர்.