புகை அறையில் பிடித்த கை

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நானும் ஸ்டெல்லாவும் தீயணைப்புக் குழுவுக்காகப் பயிற்சி எடுத்தோம். பயிற்சிக்காகப் புகை நிரப்பிய அறைக்குள் முதல் முறை போனபோது பயந்து அழுத என்னைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தவள் அவள்தான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அக்கா" என்றாள்.

சான்றிதழ்த் தேர்வு வந்தபோது, ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றது கம்பெனி. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் புகைன்னா பயமாமே, ஸ்டெல்லாதான் சொன்னுச்சு. அதான் அந்தப் பிள்ளைக்கே கட்டிட்டேன்லா."

அடுத்த முறை அதே அறையை நான் தனியாகவே கடந்துவந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். இனி ஆலையில் தீப்பிடித்தால் என்னை வெளியே கூட்டிவர வேண்டியவள் அவள். அந்தக் கையை அப்போது பிடிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.