தனியாகப் போகாத ரத்தம்

ஆஸ்பத்திரி லேபில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: நோயாளி வார்டைச் சந்தேகப்படுவார், வார்டு லேபைச் சந்தேகப்படும், லேப் எல்லாரையும் சந்தேகப்படும். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். வார்டு மேட்டில், லேப் நாற்பது படி கீழே.

எங்க போகுது?

மன்னவனூர் ராசாத்திக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் டாக்டர் மலையேறி வருவது வியாழக்கிழமை மட்டும். காலை ஒன்பதுக்கு அவர் வார்டில் நுழையும்போது ரத்த ரிசல்ட் இருந்தால் ஆபரேஷன். இல்லையென்றால் அடுத்த வியாழன். இரண்டு வியாழன் அப்படியே போயிற்று. கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் கருப்பையா லேப் ஜன்னலில் எட்டிப் பார்த்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினார். “ரெண்டு வாட்டி ரத்தம் எடுத்துட்டீங்க, ஒரு சீட்டும் வரல. எங்கய்யா விக்கிறீங்க?”

ரெண்டு கடிகாரம்

ஆபரேஷன் கேஸுக்கு ஆறரைக்கே ரத்தம் எடுத்துவிடுவதாக நர்ஸ் ஸ்டெல்லா சொன்னார். என்னிடம் வந்ததோ எட்டே முக்காலுக்கு. சோதனையே ஒரு மணி நேர வேலை. நாற்பது படி இறங்க இரண்டேகால் மணி நேரமா? சத்தம் போட எனக்கு வராது. எடுத்த நேரம், வந்த நேரம் இரண்டும் எழுதிய சீட்டுகளை அவர் முன்னால் வைத்தேன்.

கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, மொதல்ல உங்க லேப் கடிகாரத்துக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க.”

பெஞ்சில் ஒருவர்

மூன்றாவது வியாழன் வெள்ளனே மேலேறி, வார்டுக் கதவோரம் மறைந்து நின்றேன். ராசாத்தியின் பாட்டில் ஆறரைக்குத் தயார். வார்டு அட்டெண்டர் சூசை அண்ணன் அதைத் தட்டில் வைத்துத் துணியால் மூடி, பெஞ்சில் உட்கார்ந்தார். மணி ஏழு. ஆள் அசையவில்லை. யாரோ விலைக்கு வாங்க வருகிறார்களோ என்று எனக்கே ஒரு நினைப்பு.

போய்க் கேட்டதும் காதோடு சொன்னார். சாகக் கிடக்கிறவர்களின் ரத்தத்தைத்தான் அவசரத்தில் ஒற்றைப் பாட்டிலாகக் கீழே அனுப்புவார்களாம். தனியாகப் போன ரத்தத்துக்காரர் யாரும் வீடு திரும்பியதில்லை என்று வார்டு முழுக்கப் பேச்சு. மற்ற படுக்கைகளுக்கு எடுப்பது எட்டரைக்கு. துணை சேரட்டும் என்று காத்திருப்பாராம்.

“டாக்டர் என்னைய வேலைய விட்டு அனுப்பட்டும் தம்பி. அந்தப் பிள்ள ரத்தத்தத் தனியா அனுப்ப மாட்டேன்.”

துணைக்கு ஒண்ணு

வாதாடினால் எட்டரை ஆகிவிடும். சட்டைக்கையைச் சுருட்டி ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். இரண்டு பாட்டில் ஆனதும் சூசை அண்ணன் படியில் என்ன வெரசா இறங்கினார் என்கிறீர்கள்! எட்டரைக்கு ரிசல்ட் மேலே. மதியத்துக்குள் கட்டி வெளியே வந்துவிட்டது. ராசாத்தி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

சாயங்காலம் கருப்பையா லேபுக்கு வந்தார். கும்பிட வருகிறார் என்று கூச்சத்தோடு எழுந்து நின்றேன். சூசை அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போல. இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நெசத்தச் சொல்லுங்க தம்பி. டாக்டர் பாத்த ரிசல்ட் எம் பொண்டாட்டியோடதா, உங்களோடதா?”

அதன்பின் வியாழக்கிழமை ரிசல்ட் ஒன்றுகூடப் பிந்தவில்லை. நோயே இல்லாமல் வாராவாரம் ரத்தம் கொடுத்த ஆள் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.