பாதியில் நின்ற அப்கிரேடு

விருதுநகரில் எனக்கு ஒரு சின்னக் கடை. சுற்றுவட்டாரத்து ஆலைகளுக்கும் அச்சகங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பதுதான் பிழைப்பு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, வைரஸ் தொல்லை தாங்காமல் என்னிடம் வந்தவர். அவருக்கு மூன்று வருடங்களுக்கு முன் நான் போட்டுக் கொடுத்த பதிப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாற்றியாக வேண்டும். தீபாவளிக்கு லோடு ஏறுகிற நேரத்தில் அந்த வேலையில் கைவைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவேன் அண்ணாச்சி" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். கேட்டுக்குப் பக்கத்திலுள்ள அலுவலக அறையில் இருக்கும். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது அதில்தான். அடிப்பவர் நாற்பது வயதுள்ள ஒரு அக்கா. பதினோரு வருடம் உள்ளே ஷெட்டில் வெடிக்குத் திரி வைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, இரண்டு வருடங்களுக்கு முன்புதான் வெளியே அலுவலகத்துக்கு வந்திருந்தார். என்னைத் தம்பி என்பார். நான் போனால் டீ சொல்லிவிடுவார்.

பதினோரு மணிக்கு அப்கிரேடைத் தொடங்கினேன். முதல் கட்டம் ஓட ஆரம்பித்தது. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று ஊருக்குள் சாப்பிடப் போனேன். கடையில் இலை போடும்போதே மேற்கே இடி உருண்டது. ரசத்துக்குக் கை நீட்டிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தப் பக்கம் இடி கேட்டால் மணி அடிப்பார்கள். ஷெட்டில் இருப்பவர்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மெயினை அணைத்துவிடுவார்கள். நான் இந்த மண்ணில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து அந்த மணியைக் கேட்டவன். வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

திரும்பி வந்தபோது அறை இருட்டாக இருந்தது. மெயின் மட்டுமில்லை, யு.பி.எஸ். பொத்தானும் அணைந்திருந்தது. மழை பெய்யாமலே மேகம் கலைந்து மின்சாரத்தைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஆனால் உள்ளிருக்கும் மென்பொருள் துண்டுகளில், அதாவது பேக்கேஜ்களில், பாதி பழையவை, பாதி புதியவை. லேபிள் நிரலைத் திறந்தால் திறக்கவில்லை.

"யு.பி.எஸ்ஸை எதுக்குக்கா அமுக்குனீக?"

"இடி இடிச்சா எல்லாத்தையும் அணைக்கணும்ல தம்பி. அப்படியே பழகிப்போச்சு."

எனக்கு முன்கோபம் உண்டு. அதை வைத்து நான் நல்லது எதுவும் செய்ததில்லை. அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது. அவர் காதில் விழக் கூடாது என்று கேட்டுக்குப் போய், உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று காவலாளியிடம் ஒப்படைத்திருந்த என் கைபேசியை வாங்கி, ரோட்டில் நின்று சிவகாசியில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டேன். "நான் பாட்டுக்குச் செஞ்சிட்டிருந்தேன் அண்ணாச்சி. அந்த அக்கா கரண்டை அணைச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டாக. இன்னைக்கு லேபிள் வருமான்னு தெரியலை" என்றேன்.

"சாயங்காலம் லோடு போகணும்ப்பா. அந்தம்மாவை உள்ள ஷெட்டுலயே விட்டிருக்கணும். நான் வாரேன்" என்று வைத்துவிட்டார். நான் கைபேசியைக் காவலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அறைக்குத் திரும்பியபோது அக்காவின் கையில் தொலைபேசி இருந்தது. முதலாளி அவரையும் கூப்பிட்டுவிட்டார். அக்கா அதை வைத்துவிட்டு என்னிடம், "சரியாயிருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதியில் நின்றவற்றை முடித்துவைக்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தேன். வரிசையாக ஓடிப் பத்து நிமிடத்தில் முடிந்தது. மின்சாரம் போனதால் வந்த சேதம் அவ்வளவுதான். இனி இரண்டாம் கட்டம் என்று தட்டினால் நகர மறுத்தது. லினக்ஸில் ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று துணைக்கு வேண்டும், அதுவும் இன்ன பதிப்புதான் வேண்டும். கல்யாண வீட்டில் அவன் வந்தால் நான் பந்தியில் உட்கார மாட்டேன் என்று மச்சான்மார் முறுக்கிக்கொள்வதுபோல, லேபிள் பிரிண்டரை இயக்கும் டிரைவர் நிரல் பழைய துணையைத்தான் கேட்டது. புதிய பதிப்போ அந்தப் பழசு இருந்தால் வர மாட்டேன் என்றது. டிரைவரை எடுத்துவிடலாம் என்றால், யாரோ அதை மாறாதபடி பூட்டி வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. நான்தான். மூன்று வருடங்களுக்கு முன் லினக்ஸோடு வராத வேறொரு இணையதளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கிப் போட்டு, அப்டேட் வந்து கெடுத்துவிடக் கூடாது என்று பூட்டு போட்டவன் நானே. குறித்து வைக்கவில்லை, மறந்தும்விட்டேன். மெயினை யாரும் தொடாமலே இருந்திருந்தாலும் இந்த இடத்தில் முட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கேட்டுக்குப் போய்க் கைபேசியில் தேடி, தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். பூட்டை எடுத்தேன். பழைய டிரைவரையும் அது வந்த தளத்தின் முகவரியையும் நீக்கினேன். புதிய பதிப்பிலேயே அந்தப் பிரிண்டருக்கு டிரைவர் இருந்தது. நாலு மணிக்கு மேல் இரண்டாம் கட்டம் முடிந்து, முதல் லேபிள் வெளியே வந்தது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்து, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு மறுபடியும் ஒருமுறை படித்தார். அவர் பயந்தது லோடுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலாளியின் கார் வந்தது. உள்ளே வந்தவர் பிரிண்டரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் அணைச்சியா?"

"ஆமா மொதலாளி. இடி இடிச்சது. நாந்தான் அணைச்சேன்."

என்னை அக்கா காட்டிக்கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தொடாதீங்க என்று நான் சொல்லாமல் போனதைக்கூடச் சொல்லவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அந்தப் பழி அங்கேயே நின்றிருக்கும், என் பெயரும் கெட்டிருக்காது. அப்படி இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"அண்ணாச்சி, கரண்டு போனதுக்குப் பத்து நிமிச வேலைதான்" என்றேன். "மிச்ச நேரமெல்லாம் மூணு வருசத்துக்கு முன்னால நான் போட்டுட்டு மறந்ததைத் தேடுனதுக்கு. இடி நேரத்துல இதை ஓடவிட்டுச் சாப்பிடப் போனதும் என் தப்பு. கோவத்துல உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே இந்த வேலைய எப்ப ஆரம்பிக்கணும்னு அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு ஆரம்பி" என்று சொல்லிவிட்டு அதுவரை அடித்திருந்த லேபிள்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அக்கா அவர் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார். "மொதலாளி, நாளைக்கு நான் இங்கனதானே வரணும்?"

அவர் திரும்பினார். மதியம் சொன்னதே அவருக்கு நினைவில்லை போலிருந்தது. "பின்ன எங்கன வருவே?" என்றார்.

அவர் போன பிறகும் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதியத்திலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தள்ளி நின்றேன்.