வில்லியனூர் மைக் செட்டில் ஒரு சிம்பொனி

மைக் செட் வச்சுப் பொழைக்கிறவனுக்குச் சொந்தமா ஒரு ரசனை இருந்துச்சுன்னா, அவன் பாடு திண்டாட்டந்தான். நீங்களும் ஊர் ஊராப் போயி ஸ்பீக்கர் கட்டினவங்கன்னா என் வயித்தெரிச்சல் புரியும். எழுபதுகள்ல எனக்கு வில்லியனூர்ல கடை.

சொல்தா குடுத்த கட்டு

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கின சொல்தா ஒருத்தரு, மகனோட இருக்க பிரான்சுக்குக் கெளம்பறப்ப ஒரு கட்டு ரிக்கார்டை எங்கிட்ட குடுத்தாரு. இருநூறு வருஷம் முன்ன எவரோ ஒரு வெள்ளக்காரரு கட்டின சிம்பொனிங்களாம். எங்கியோ பரண்ல கெடந்ததைத் தேடி எடுத்து வாசிச்சிருக்காங்க. பாட்டே கெடையாது, வயலினு, கொழலு, மேளம்னு ஒரு கூட்டமே சேந்து வாசிக்கும்.

போட்டுக் கேட்டேன். ஐயோ, சொக்கிப் போயிட்டேன்! ஊர்ல ஒரே ஒருத்தருக்காவது இதைப் புடிக்க வச்சிடணும்னு வெறியே வந்துடுச்சு. சொல்தா அப்பவே சிரிச்சாரு: "இந்தாளை அவங்க ஊர்லயே எவனுக்கும் தெரியாதுப்பா. ரொம்ப ஆசப்படாத."

கடைத் தெறப்பு

மதகடிப்பட்டுல ஒரு செட்டியாரு புதுசா மளிகைக் கடை தெறந்தாரு. சாமி பாட்டு முடிஞ்சதும் நைசா சிம்பொனியப் போட்டுட்டேன். பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் ஸ்பீக்கரையே அண்ணாந்து பாத்துச்சு. ஆகா, மாட்டிக்கிச்சுடான்னு எனக்கு ஒரே குஷி. கொஞ்ச நேரத்துல செட்டியாரு கல்லாவுல இருந்து எழுந்து வந்தாரு: "இன்னாப்பா, மியூசிக்கே இம்மாம் நேரம் போவுது, பாடறவரு இன்னும் வரலியா?"

காட்டேரிக்குப்பம் கல்யாணம்

மேளக்காரங்க டீ குடிக்கப் போன நேரம். மாப்ள மட்டும் மணவறையில தனியா குந்தியிருந்தாரு. சந்தடி சாக்குல நம்ம ஆளைப் போட்டேன். அந்தச் சிம்பொனி துண்டு துண்டா வரும், கடைசித் துண்டு ஒரே வேகம். எல்லா வாத்தியமும் சேந்து டமடமன்னு அடிக்கும். பந்தல் பின்னால இருந்தவங்களுக்கு மணவறை தெரியாது. கெட்டி மேளம்னு நெனச்சு கையில இருந்த அட்சதைய வீசிட்டாங்க. அதைப் பாத்து முன்னால இருந்தவங்களும் வீசிட்டாங்க. மாப்ள தலையெல்லாம் அரிசி.

பொண்ணோட அப்பா கரும்புக் கொல்லைக்காரரு, சும்மா வுடுவாரா? வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வந்தாரு: "அடப்பாவி, பொண்ணு வர்றதுக்குள்ள மாப்ளைக்கு மட்டும் கல்யாணத்த முடிச்சிட்டியேடா!"

மணப்பட்டு எழவு வூடு

அதோட அந்தக் கட்டைத் தொடக்கூடாதுன்னுதான் இருந்தேன். மணப்பட்டுல ஒரு மீன்காரரு செத்துட்டாரு. எழவு வூட்டுல வழக்கமா போடற ரிக்கார்டு கீறல் வுழுந்து, ஒரே அடியத் திருப்பித் திருப்பிப் பாடுது. சனம் மொறைக்குது. வேற வழி? சிம்பொனியோட ரெண்டாம் துண்டைப் போட்டேன். அது ரொம்ப நெதானமா, வயலின் மட்டும் போவும்.

முடிஞ்சதும் செத்தவரோட பொண்ணு விடுவிடுன்னு எங்கிட்ட வந்துச்சு. காலையில இருந்து வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கறதும் பாய் போடறதுமா ஓடிக்கினு இருந்த பொண்ணு. ஒதை கெடைக்கப் போவுதுன்னு ஒயரைச் சுருட்ட ஆரம்பிச்சேன். பாத்தா, கண்ணு ரெண்டும் கொளமா நிக்குது: "அண்ணே, எனக்கு இவ்ளோ நேரம் அழுவையே வரல. அதை இன்னொரு தபா போடுண்ணே."

சொந்த ஊர்ல கேக்க நாதியில்லாத மனுசனுக்கு மணப்பட்டு எழவு வூட்டுலதான் ஒன்ஸ்மோர் கெடைக்கணும்னு இருந்தா, நானும் நீங்களும் இன்னா பண்ண முடியும், சொல்லுங்க!